பகுதிநேர நியமனமும் ஒரு மொட்டைக் கடிதமும்

தம்பி,

வியாழக்கிழமை பின்னேரம் நீ கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்துக் கடைசியாகக் கேட்டது இதுதான். "அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. என்ரை வேலைக்காக நீங்கள் ஆரோடையாவது கதைச்சனீங்களோ?" நான் "இல்லையடா" என்றேன். நீ "சரி, வைக்கிறன்" என்றாய். அந்தச் 'சரி'யை நீ சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நீ என்னை நம்பவில்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு, இந்தப் புத்தி உனக்கு வேறு எங்கிருந்து வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி பலாச்சுளை கொடுத்துவிட்டால், "உவவுக்கு இப்ப என்ன அலுவல் ஆகவேணுமாம்?" என்று கேட்டுவிட்டுத்தான் கிண்ணத்தை வாங்குகிறவள் உன் அம்மா. தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். நீ அடுத்த திங்கள் வேலையில் சேருவதற்கு முன்னர் இதைப் படித்துவிட வேண்டும்.

நீ சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பாடத்துக்குப் பகுதிநேரப் போதனாசிரியர்கள் எடுக்க நேர்முகப் பரீட்சை வைத்தார்கள். மேசைக்குப் பின்னால் நான்கு பேர். நீ போய் இருந்ததும், ஓரத்தில் இருந்த பெண் விரிவுரையாளர் உன்னுடைய விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "நீர் கோப்பாய் ரீச்சரின்ரை மகனோ?" என்று கேட்டார். நீ "ஓம் மிஸ்" என்றாய். அவர் குழுத் தலைவரின் பக்கம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். நீ நடித்துக் காட்டி, கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி, எழுந்து வரும்வரை அவர் திரும்பி வரவில்லை. இரண்டு கிழமையில் உனக்கு நியமனக் கடிதம் வந்துவிட்டது. முன்னமே யாரோ பேசி வைத்த அலுவல் என்று நீ நினைத்ததில் பிழையில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அந்தப் பெண்ணின் பெயர் என்னவென்று கேட்டேன். "வசந்தி மிஸ் எண்டு சொன்னவை" என்றாய். அதற்குப் பிறகு நீ சொன்ன பாதி எனக்குக் கேட்கவேயில்லை.

வசந்தியை உனக்கு நினைவிருக்காது. பதின்மூன்று வருடங்களுக்கு முந்திய கதை இது. நீ உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். நான் பாடசாலையில் நாடகம் படிப்பித்துக்கொண்டு, செவ்வாயும் வெள்ளியும் பின்னேரங்களில் பல்கலைக்கழகத்துக்குப் பகுதிநேரமாகப் போய்வந்தேன். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உன் அப்பாவுக்குத்தான் தெரியும். தோட்டத்து வெங்காயத் தறையிலிருந்து வந்து, கையைக்கூடக் கழுவாமல், "கம்பசுக்குப் போற நாளிலை உம்மடை நடையே வேறை" என்று சிரிப்பார். ஆனால் பகுதிநேரம் என்பது ஒவ்வொரு வருடமும் புதிதாக எடுக்கிற வேலை. வருட முடிவில் பத்திரிகையில் விளம்பரம் வரும். பழைய ஆளாக இருந்தாலும் விண்ணப்பிக்க வேண்டும், நேர்முகத்துக்குப் போய் இருக்க வேண்டும். விளம்பரம் வருகிற மாதத்தில் நான் மனுசியாக இருந்ததில்லை. துறைத் தலைவர் படியில் கண்டு சிரித்தால், ஏதோ ஒளிக்கிறார் என்று நினைப்பேன். சிரிக்காமல் போனால், என் பெயரை வெட்டிவிட்டார் என்று நினைப்பேன். ஆசிரியர் அறையில் புதிதாக ஒரு கதிரை போட்டிருந்தால், அது யாருக்கு என்று பியோனை விசாரிப்பேன்.

வசந்தி இங்கே நம் ஊர்ப்பக்கத்துக் கொழும்புத்துறைப் பிள்ளை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். தேவாலயத்தில் நத்தார்ப் பண்டிகைக்குப் போடும் நாடகங்களுக்கு விளக்குப் பிடித்துப் பிடித்தே தொழில் பழகியவள். பிறகு கொழும்பில் மேடை ஒளியமைப்புப் படித்து டிப்ளோமாவும் எடுத்தாள். எங்கள் பாடசாலை நாடகம் போட்டிக்குப் போனபோது நான்தான் அவளைக் கூப்பிட்டேன். சம்பளம் இல்லாமல் வந்து, நான்கு விளக்கையும் கொஞ்சம் நிறத்தாள்களையும் வைத்துக்கொண்டு, மேடையில் விடியவும் வைத்தாள், மழை இருட்டவும் வைத்தாள். அந்த நாட்களில் மண்டபத்துக்குப் பின்னாலிருந்த மர வாங்கில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது ஒன்று சொன்னாள். டிப்ளோமாவில் பெயரைப் பிழையாக அடித்துவிட்டார்கள், திருத்தித் தரக் கொடுத்த சான்றிதழ் இன்னும் வரவில்லை, கையில் பெறுபேற்றுக் கடிதம் மட்டும்தான் இருக்கிறது. "ரீச்சர், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. சான்றிதழ் இல்லாமல் படிச்சனான் எண்டு திரியிறாள் எண்டு சொல்லுவினம்." நான் சொல்ல மாட்டேன் என்றேன். சொல்ல மாட்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அந்த வருட விளம்பரத்தில் ஒரு வரி புதிதாக இருந்தது. மேடை ஒளியமைப்பில் செயன்முறை அனுபவம் உள்ளவர்கள் விரும்பத்தக்கவர்கள் என்று போட்டிருந்தார்கள். எத்தனை பேரை எடுக்கப்போகிறார்கள் என்று போடவில்லை. நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு மறுபடியும் விரித்துப் படித்தேன். ஒளியமைப்பு எனக்குத் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். இரண்டு நாள் கழித்து, துறைத் தலைவரின் வீட்டு ஒழுங்கையால் சைக்கிளில் வந்தபோது, வசந்தி ஒரு பெரிய மட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருடைய படலையைத் திறந்து உள்ளே போவதைக் கண்டேன். மாம்பழக் காலம். பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. என்னை வெளியே தள்ளிவிட்டு அவளை உள்ளே எடுக்கப்போகிறார்கள், அதற்காகத்தான் அந்த வரியையே போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். தலைவரின் அறைக் கதவைத் தட்டி, "சேர், இந்த முறை எத்தனை பேர் எடுக்கிறியள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் சொல்வார் என்று நினைத்தேன். நீயும் பகுதிநேரம்தான், தம்பி. உனக்கும் அந்த மாதம் வரும். அப்போது கதவைத் தட்டு. பொய் சொன்னாலும் பரவாயில்லை, முதலில் கேள்.

நான் மொட்டைக் கடிதம் எழுதினேன். உன் அம்மாதான். கோப்பாயில் என்னைத் தெரியும் என்று பஸ் ஏறிப் புத்தூருக்குப் போய், அங்கே ஒரு கொம்யூனிக்கேசன் கடையில் ஒரு பிள்ளையைக் கொண்டு கணினியில் அடிப்பித்தேன். போதனாசிரியர் தெரிவு முன்கூட்டியே முடிந்துவிட்டது, விளம்பரம் கண்துடைப்பு, தெரிவாகப்போகிறவரிடம் மூலச் சான்றிதழே கிடையாது, வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்று எழுதி, 'நீதியை விரும்பும் பெற்றோர்' என்று முடித்தேன். அந்தப் பிள்ளை "நீதிக்கு 'நி'யோ 'நீ'யோ அன்ரி?" என்று கேட்டது. சொல்லிக் கொடுத்தேன். பதிவாளருக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று. தபாலில் போட்டுவிட்டு வந்து இரவு நன்றாக நித்திரை கொண்டேன். அதை இப்போது நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

விசாரணை வைத்தார்கள். நேர்முகத்தை அந்த வருடம் நிறுத்திவிட்டார்கள். எனக்கும் வேலையில்லை, அவளுக்கும் இல்லை. இரண்டாம் வருடப் பிள்ளைகள் செயன்முறைப் பரீட்சையைக் குழல்விளக்கு வெளிச்சத்தில் நடித்து முடித்தார்கள். வசந்தி இந்த வேலையை நம்பி, படிப்பித்துக்கொண்டிருந்த தனியார் பாடசாலையை விட்டிருந்தாள். அங்கே வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். பல மாதங்களுக்குப் பிறகு தலைவர் என்னைக் கண்டு, "இரண்டு பேரை எடுக்க அனுமதி வாங்கி வைச்சிருந்தனான் ரீச்சர். உங்களை நடிப்புக்கு, அந்தப் பிள்ளையை ஒளிக்கு. எந்தப் பாவியோ குழப்பிப்போட்டான்" என்றார். பெட்டிக்குள் மாம்பழம் இருக்கவில்லை என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன். துறையிலிருந்து தேவாலயத்துக்கு இரவல் எடுத்த விளக்குகளை அவள் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள். தலைவருக்குக் காய்ச்சல் என்று வீட்டில் கொடுத்திருக்கிறாள்.

இதிலும் கேவலமானது ஒன்றிருக்கிறது. விசாரணை முடிந்த கிழமை வசந்தி நம் வீட்டுக்கு வந்தாள். பதிவாளருக்கு மேன்முறையீடு எழுத வேண்டும், தமிழ் நன்றாக எழுத வேண்டும், உதவி செய்யுங்கள் என்று கேட்டாள். நான் இருத்தி, தேநீர் கொடுத்து, இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 'பெயர் போடத் துணிவில்லாத ஒருவர் எழுதிய அவதூறு' என்றுகூட எழுதினேன். அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆர் ரீச்சர் இப்பிடிச் செய்திருப்பினம்?" என்று கேட்டாள். "விண்ணப்பங்களைப் பாக்கிறது கந்தோரிலை கனகலிங்கம் அண்ணைதானே. அவருக்குத்தானே ஆரிட்டைச் சான்றிதழ் இல்லையெண்டு தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அவள் தேநீரைக் குடித்து முடித்து, தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். நான் அதோடும் விடவில்லை. அவள் சந்தேகப்படுகிறாளோ என்று பயந்து, ஆசிரியர் அறையிலும் இரண்டு பேரிடம் அதே பெயரைச் சொல்லி வைத்தேன். மூன்றாம் மாதம், அலுவலக எழுதுவினைஞராக இருந்த கனகலிங்கம் அண்ணையைக் கந்தோரிலிருந்து எடுத்துக் களஞ்சிய அறைக்குப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில்தான் இருந்தார். நம் வீட்டிலிருந்து மூன்றாவது ஒழுங்கை. வழியில் காணும்போதெல்லாம் "என்ன ரீச்சர், சுகமோ?" என்று கேட்பார். நானும் "ஓம் அண்ணை" என்பேன்.

அடுத்த வருடம் என்னை மறுபடி எடுத்தார்கள். வசந்தி விண்ணப்பிக்கவேயில்லை. வவுனியாவுக்குப் போய் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்தாள், பிறகு மேலே படித்தாள், ஏழு வருடம் கழித்து நிரந்தர விரிவுரையாளராக இதே துறைக்கு வந்தாள். அவள் வந்த வருடமே நான் கால் நோகிறது என்று சொல்லி நின்றுவிட்டேன். உன் அப்பா, "கால் நோகுதெண்டு என்னட்டை ஒருநாளும் சொல்லேல்லையே" என்றார். அவருக்கும் நான் சொல்லவில்லை. தெரியாமலே கண்ணை மூடிவிட்டார்.

ஆகவே நீ வசந்தியின் பெயரைச் சொன்னதும் என்னுடைய மூளை பழைய வேலையைத் தொடங்கிவிட்டது. அவளுக்கு எல்லாம் தெரியும், உன்னை உள்ளே எடுத்து வைத்துப் பழிவாங்கப்போகிறாள் என்று ஒரு மணித்தியாலம் நினைத்தேன். ஒன்றும் தெரியாது, பழைய பழக்கத்துக்காக உனக்கு உதவி செய்திருக்கிறாள் என்று இன்னொரு மணித்தியாலம் நினைத்தேன். இரண்டுமே உனக்கு நல்லதல்ல. சனிக்கிழமை காலமை பஸ் ஏறிக் கொழும்புத்துறைக்குப் போனேன்.

அவள் கதவைத் திறந்தபோது முகத்தில் ஆச்சரியம் இருக்கவில்லை. "வாங்கோ ரீச்சர், இருங்கோ" என்றாள். தலை பாதி நரைத்துவிட்டது அவளுக்கு. நான் உன்னுடைய விஷயத்தைத்தான் முதலில் கேட்டேன். இப்போதும் நான் கோழைதான்.

"வசந்தி, என்ரை மகனின்ரை நேர்முகத்திலை நீர் ஏன் எழும்பிப் போனனீர்?"

"தாயை எனக்குத் தெரியும், நான் இந்தப் பிள்ளைக்குப் புள்ளி போடுறது சரியில்லை எண்டு தலைவரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போனனான். மற்ற மூண்டு பேரும் போட்ட புள்ளியிலைதான் அவர் வந்தவர். முதலாவதாய் வந்தவர்."

"தெரிஞ்ச ஆக்களின்ரை பிள்ளையளுக்கு எல்லாரும் புள்ளி போடுகினம்தானே."

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கூட்டிப் போடுவனோ எண்ட பயத்திலை நான் போகேல்லை, ரீச்சர். குறைச்சுப் போட்டிடுவன் எண்டுதான் போனனான். எனக்கு என்னிலை நம்பிக்கை இருக்கேல்லை."

அப்போது விளங்கியது. "உமக்குத் தெரியும்" என்றேன்.

"அந்தச் சான்றிதழ்க் கதையை நான் உங்கள் ஒருத்தருக்குத்தான் சொன்னனான். விண்ணப்பத்திலை சான்றிதழ் பின்னாலை வரும் எண்டு எழுதவேயில்லை. மூலத்தை நேர்முகத்திலைதான் காட்டவேணும், அதுக்கு முன்னம் வந்திடும் எண்டு நினைச்சு, டிப்ளோமா எண்டு மட்டும் எழுதினனான். கனகலிங்கம் அண்ணைக்கு அது தெரிஞ்சிருக்க வழியில்லை. விசாரணையிலை கடிதத்தைக் காட்டின உடனை எனக்குத் தெரியும்."

"பிறகேன் என்னட்டை வந்து எழுதித் தரக் கேட்டனீர்?"

"மேன்முறையீடு எழுதவோ வந்தனான்? எனக்கு எழுதத் தெரியாதோ? நீங்கள் சொல்லுவியள் எண்டு வந்தனான், ரீச்சர். ஒரு சொல்லுச் சொன்னால் போதும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் இன்னொராளின்ரை பேரைச் சொன்னியள்."

மன்னித்துவிடும் என்று கேட்டேன். அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. வராத பதிலை வந்ததாக உனக்கு எழுத மாட்டேன். "கனகலிங்கம் அண்ணையிட்டைப் போனனீங்களோ?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப ஏன் முதல் என்னட்டை வந்தனீங்கள்?" என்றாள். மகனுக்காக வந்தேன் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஸ்ஸில் வரும்போதே, அவள் வெளியே போனது உண்மையா, இல்லை எனக்காகச் சொன்ன கதையா என்று மனம் ஒருதரம் கேட்டுப் பார்த்தது. அந்த மனத்தை எனக்கு அடித்துக் கொல்ல வேண்டும்போல் இருந்தது. நீயே உன் கண்ணால் கண்டு எனக்குச் சொன்ன விஷயமல்லவா அது.

ஞாயிறு காலமை கனகலிங்கம் அண்ணை வளவில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "என்ன ரீச்சர், சுகமோ?" என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் எழுதியது நான், உங்கள் பெயரைச் சொன்னதும் நான் என்று சொன்னேன். அவருக்கு ஒரு காது இப்போது சரியாகக் கேட்பதில்லை. "என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டார். இரண்டாவது தரம் உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மதிலுக்கு அங்காலே யாரோ வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது எனக்குத் தெரிந்தது. அவருடைய கையில் இருந்த குழாய் பாத்தியை விட்டு விலகி, அவருடைய காலிலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

"நான் இவ்வளவு காலமும் அந்தப் பிள்ளை வசந்தி எண்டெல்லோ நினைச்சனான்" என்றார். "தனக்கு வேலை கிடைக்கேல்லை எண்டு என்ரை பேரைக் குடுத்தது அவதான் எண்டு. என்ரை மகளின்ரை கலியாணத்துக்கு ஆரோடையோ சேர்ந்து அவவும் வந்தவ. நான் வாங்கோ எண்டு சொல்லேல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனனான். அந்தப் பிள்ளை சாப்பிடாமல் எழும்பிப் போனது."

இது எனக்குத் தெரியாது, தம்பி. நான் எழுதியது இரண்டு தாள். அது யார் யாருடைய வீட்டுக் கலியாணம் வரைக்கும் போயிருக்கிறது என்று பார்.

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நின்று கேட்டிருப்பேன். பம்பை நிறுத்திவிட்டு வந்து, "அந்தப் பிள்ளையின்ரை நம்பர் வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார். கொடுத்தேன். சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு, கேட்கிற காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டார். "பிள்ளை, நான் கனகலிங்கம் கதைக்கிறன். ஓம், ஓம், கந்தோர்க் கனகலிங்கம்." என்னை நிமிர்ந்து பார்த்து, போங்கோ என்று கையைக் காட்டினார். நான் படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கையில் இறங்கும்போது பின்னால் அவருடைய குரல் கேட்டது. "காலமைச் சாப்பாடு சாப்பிட்டாச்சோ, பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உன்னுடைய வேலைக்காக நான் யாரோடும் கதைக்கவில்லை. அது நீ எடுத்த வேலை. அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர். வசந்தியின் அறை ஒத்திகை மண்டபத்துக்குப் பக்கத்தில்தான். கண்டால் வணக்கம் சொல். அவ முகம் கொடுக்காமல் போனால், ஏன் என்று அவவைப் பற்றி யோசிக்காதே, யாரிடமும் விசாரிக்காதே. ஏன் என்று உனக்குத் தெரியும். அடுத்த நாளும் வணக்கம் சொல்.

அம்மா